கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஆயில் பெயின்டிங் வகுப்பு: பாடத்துக்குப் போங்கள், பொருள் பையை வாங்காதீர்கள்

செட்டிநாட்டுப் பக்கம் ஆயில் பெயின்டிங்கை அடிப்படையிலிருந்து சொல்லித்தர யாராவது இருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருக்கிறார். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஞாயிறுதோறும் நடக்கிற ஒரு மாத வகுப்பு, நான் போய் முடித்துவிட்டேன். பாடம் முதல் தரம். பெயின்ட், பிரஷ், கேன்வாஸ் போர்டு எல்லாம் போட்டு அவர்களே விற்கிற பொருள் பை மட்டம். இரண்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்குப் பல நேரம் கையில் இருக்கிற மட்டமான சாமான்தான் காரணம், அது தெரியாமல் நமக்கு இதெல்லாம் வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பெயர், எண் எதுவும் போட வேண்டாம் என்று சொல்லித்தருகிற சார் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. காரைக்குடியில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடைகளில் விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள். கட்டணம் மாதம் 2,500 ரூபாய். பை தனியாக 1,800. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் அதை அவர்களாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

சார் ஒரு காலத்தில் சினிமா பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழில் போன பிறகு, இங்கே பெரிய வீடுகளில் மாட்டியிருக்கும் முன்னோர் படங்களைச் சுத்தம் செய்து, கிழிசல் ஒட்டிக் கொடுக்கிற வேலைக்கு வந்தவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வகுப்பின் பலமே இதுதான். புதிதாக ஒரு படம் வரைவது எப்படி என்று சொல்லித்தர நிறைய பேர் இருக்கிறார்கள்; எண்பது வருஷம் கழித்து அந்தப் படம் என்ன ஆகும் என்று கையால் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

முதல் வகுப்பில் அவர் ஒரு பழைய கேன்வாஸைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். யாரோ ஒரு ஐயாவின் படம், வீட்டுக்காரர்கள் இனி வேண்டாம் என்று கொடுத்துவிட்டது. முகம் நன்றாகவே இருந்தது. கறுப்புக் கோட்டு மட்டும் வறண்ட கண்மாய்த் தரை மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. எல்லாரும் குனிந்து பார்த்து முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை, அப்புறம்தான் விளக்கினார். ஆயில் பெயின்ட் தண்ணீர் வர்ணம் போல ஆவியாகிக் காய்வதில்லை. அதில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத பதம் சில நாட்களில் வந்துவிடும், உள்ளே முழுதாக இறுக மாதக்கணக்கு ஆகும். அடியில் எண்ணெய் நிறைந்த, மெதுவாகக் காய்கிற கறுப்பைத் தடிமனாகப் பூசிவிட்டு, அது இறுகும் முன்பே மேலே, பெயின்ட்டை இளக்குகிற டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சு போட்டால், மேல்பூச்சு முதலில் விறைத்துவிடும், கீழே இருப்பது இன்னும் அசைந்துகொண்டே இருக்கும், அப்போது மேலே வெடிக்காமல் என்ன செய்யும்? அதனால் முதல் பூச்சுகளில் டர்பன்டைன் கூடுதல், எண்ணெய் குறைவு. மேலே போகப் போக எண்ணெயைக் கூட்ட வேண்டும். “அடியில ஒல்லி, மேல கொழுப்பு, இதை மறந்தா எனக்கு வேலை வந்துரும்” என்றார். இந்த விதியை நானும் எங்கெங்கோ படித்திருக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் அது மனதில் நின்றது.

முதல் இரண்டு வாரம் கலர் கிடையாது. பர்ன்ட் அம்பர் என்கிற பழுப்பு ஒன்று, டர்பன்டைன், பழைய பனியன் துணி, அவ்வளவுதான். கேன்வாஸ் முழுக்கப் பழுப்பை மெல்லியதாகத் தேய்த்துவிட்டு, வெளிச்சம் விழுகிற இடங்களைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும், நிழலுக்கு இன்னும் கொஞ்சம் பழுப்பு. வந்திருந்தவர்களில் சிலருக்கு இதில் பொறுமை இல்லை. பணம் கட்டி வந்தது கலர் அடிக்கத்தானே என்று ஒருவர் முணுமுணுத்தார். என்னைக் கேட்டால் முழுப் பணமும் இந்த இரண்டு வாரத்துக்கே தகும். கண்ணைச் சுருக்கிப் பார்த்து எது கறுப்பு, எது பாதிக் கறுப்பு, எது வெளிச்சம் என்று பிரிக்கத் தெரியாதவருக்கு நாற்பது ட்யூப் இருந்தும் பிரயோஜனம் இல்லை. பர்ன்ட் அம்பரை அடிப்பூச்சுக்கு எடுத்துக்கொள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது: அதில் இருக்கும் மாங்கனீசு எண்ணெய் சீக்கிரம் காய உதவுகிறது, அடுத்த ஞாயிறு வருவதற்குள் மேலே வேலை செய்யலாம்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பு நடப்பது வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, ஒட்டிய பட்டாலை என்கிற கூடத்தில். ஓவியர்கள் வடக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்பார்கள், நாள் முழுக்க வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும் என்பதால். செட்டிநாட்டு வீட்டில் வெளிச்சம் பக்கத்திலிருந்து வருவதைவிட முற்றத்தின் வானத்திலிருந்துதான் வருகிறது. காலையில் அது அடக்கமாக, மெத்தென்று விழுகிறது, பொருளின் ஒரு பக்கம் அழகாக நிழல் கட்டுகிறது. உச்சிக்கு வந்துவிட்டால் தளத்தில் பட்டுத் தெறித்து நிழல் எல்லாம் கலைந்துவிடும். அதனால் 8 மணிக்குத் தொடங்கி 11.30-க்குள் முடித்துவிடுகிறார். தாமதமாக வந்தால் நீங்கள் வரையத் தொடங்கிய நிழல் அங்கே இருக்காது, அதனால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.

மூன்றாம் வாரம் கலர் வந்தது. ஆத்தங்குடித் தளத்தின் மேல் ஒரு பித்தளைச் செம்பு. பித்தளை என்றால் மஞ்சள் என்று எல்லாரும் மஞ்சள் ட்யூபைத் திறந்தார்கள். சார் மூடச் சொன்னார். செம்பைப் பார்த்து, எங்கே மஞ்சள் இருக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னார். பார்த்தால், கழுத்துக்குக் கீழே ஒரு சின்னப் பட்டை மட்டும்தான் உண்மையில் மஞ்சள். இருட்டுப் பக்கம் கிட்டத்தட்டக் கறுப்பு, அதை அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்து எடுத்தோம், ட்யூபில் வருகிற கறுப்பைவிட இது ஆழமாக இருக்கிறது, நீலத்தைக் கூட்டினால் குளிர்ச்சியாகவும் பழுப்பைக் கூட்டினால் சூடாகவும் திருப்பிக்கொள்ளலாம். நடுப்பகுதி யெல்லோ ஆக்கர். அடிவயிற்றில் தளத்தின் சிவப்பு பிரதிபலித்து ஒரு செம்மண் நிறம், அதற்குப் பக்கத்திலேயே வானத்தின் நீலச் சாம்பல். கடைசியில் வெள்ளையில் ஒரு துளி மஞ்சள் கலந்து, பிரஷ்ஷை அழுத்தாமல், ஒரே தடவை வைத்துவிட்டு எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு புள்ளி விழுந்ததும் செம்பு பளபளத்தது. மறுபடி தொட்டால் கீழே இருப்பதோடு கலந்து அழுக்காகிவிடும். புதிதாகப் பழகுகிறவர்களின் படங்கள் சேறாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஈரத்தின் மேல் திரும்பத் திரும்பத் தேய்ப்பது.

இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடித்தது. யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா மாதிரி மண் நிறங்கள் எல்லாம் இரும்பு ஆக்சைடுதான், கோயில் மதிலில் அடிக்கிற காவியும் அதே குடும்பம், வெயிலுக்கும் வருஷத்துக்கும் அசையாது, விலையும் குறைவு என்று சொல்லி, முதலில் இவற்றோடு பழகச் சொன்னார். நம் ஊர் வீடு, மண், தேக்கு, தோல் நிறம் எல்லாமே இந்த நிறங்களுக்குள் முக்கால்வாசி அடங்கிவிடுகிறது.

நடுவில் ஒரு நாள் பேச்சு ரவிவர்மா படங்களுக்குப் போனது. இங்கே பல வீடுகளில் ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் மாட்டியிருக்கிறது, சிலவற்றில் சேலைக்கு ஜரிகையும் சமிக்கியும் வைத்து ஒட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரிஜினல் ஆயில் பெயின்டிங் இருக்கிறது என்று ஒருவர் படத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சார் பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். முகம் முழுக்கப் பொடிப் பொடிப் புள்ளிகள். அது ஓலியோகிராஃப், ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழியில் கல்லச்சில் அடித்து, ஆயில் மாதிரி தெரிய வார்னிஷ் பூசியது. வந்தவருக்கு வருத்தம்தான். ஆனால் அச்சுப் படத்துக்கும் அதன் அருமை உண்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அந்தப் படத்தை வைத்தே கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறுகிற இடத்தை எங்களுக்குக் காட்டினார். யாரையும் சிறுமைப்படுத்தாமல் சொல்லித்தருகிற பக்குவம் அவருக்கு இருக்கிறது.

தேவகோட்டையிலிருந்து வந்த ஓர் ஆச்சி, அறுபதைத் தாண்டியவர், எங்கள் எல்லாரையும்விட நன்றாக வரைந்தார். “ஏந்தம்பி, இது எப்பக் காயும்? நாளைக்குப் பேத்தி வர்றா, காட்டலாம்னு பார்த்தேன்” என்று கேட்டார். “காட்டுங்க ஆச்சி, தொடத்தான் விடாதீங்க. சித்திரை வெயிலா இருந்தா சீக்கிரம் விட்டுரும், இது ஐப்பசி மழை, கூடக் கொஞ்சம் நாள் பிடிக்கும்” என்றார் சார்.

சரி, இப்போது குறைகள்.

முதல் குறை அந்தப் பை. 12 சின்ன ட்யூப், கம்பெனிப் பெயர் தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்குத்தான் இருக்கிறது, எந்த ட்யூபிலும் நிறமி எண் கிடையாது. இது சின்ன விஷயம் இல்லை. ஒழுங்கான ஆயில் பெயின்ட் ட்யூபில் உள்ளே என்ன நிறமி என்று குறியீடு இருக்கும்: டைட்டானியம் வெள்ளை பிடபிள்யூ 6, அல்ட்ராமரீன் பிபி 29, யெல்லோ ஆக்கர் பிஒய் 43. அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெயிலில் நிற்குமா வெளுத்துவிடுமா என்று தெரியாது. இந்தப் பையில் இருந்த சிவப்பைப் பிதுக்கினால் முதலில் வெறும் எண்ணெய் வழிந்தது, அப்புறம்தான் நிறம் வந்தது, அதிலும் வெள்ளை கலந்ததும் இளித்துவிட்டது. தோல் நிறம் என்று தனியாக ஒரு ட்யூப் வேறு. நம் ஊரில் யாருக்கும் அந்த ரோஸ் நிறத்தில் தோல் கிடையாது. வெள்ளை மற்ற நிறங்களின் அதே அளவு ட்யூப். ஆயிலில் எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்வது வெள்ளைதான், மூன்றாவது வகுப்பிலேயே பாதிப் பேருக்குக் காலி.

கேன்வாஸ் போர்டு அதைவிட மோசம். பூசிய எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு நிறம் செத்துத் தெரிந்தது. பருத்தித் துணியின் மேல் எண்ணெய் நேரடியாகப் பட்டால் நாளாவட்டத்தில் துணி இற்றுவிடும், அதற்குத்தான் ஜெஸ்ஸோ என்கிற அடிப்பூச்சு பூசுகிறோம். இதில் பூசியிருந்தது பேருக்குத்தான். வேறு வழி இல்லாமல் அந்தப் போர்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், மேலே இரண்டு கை ஜெஸ்ஸோ அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷில் முடி உதிர்ந்து படத்தில் ஒட்டிக்கொண்டது, அதை நகத்தால் எடுப்பதற்குள் செம்பின் கழுத்து போய்விடும்.

இதையெல்லாம் சாரிடமும் சொன்னேன். பை போடுவது வேறொருவர், தொடங்குகிறவர்களுக்கு விலை குறைவாக இருக்கட்டும் என்று நினைத்தோம் என்றார். எண்ணம் நல்லதுதான். ஆனால் அதே பணத்துக்கு ட்யூப் எண்ணிக்கையைக் குறைத்து தரத்தைக் கூட்டலாம்.

நான் என்றால் வாங்குவது இதுதான். டைட்டானியம் வெள்ளை பெரிய ட்யூப். யெல்லோ ஆக்கர், பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரீன், ஒரு பளிச் மஞ்சள், ஒரு சூடான சிவப்பு, ஒரு குளிர்ந்த சிவப்பு. ஏழோடு போதும். குளிர்ந்த சிவப்புக்கு அலிசரின் கிரிம்சன் கேட்டால் பெர்மனென்ட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள், பழைய அலிசரின் வெளிச்சத்தில் மங்கும். சிங்க் வெள்ளை வேண்டாம், இறுகிய பிறகு நொறுங்கும் தன்மை அதற்கு உண்டு. கேமலின் ஆர்ட்டிஸ்ட் ஆயில் கலர் தொடங்குகிறவர்களுக்குத் தாராளமாகப் போதும். கையில் காசு இருந்தால் வின்ட்சர் அண்ட் நியூட்டனின் வின்டன் வரிசையில் 37 மில்லி ட்யூப். அது மாணவர்களுக்கான வரிசை, பெயருக்குப் பின்னால் ஹ்யூ என்று போட்டிருந்தால் விலையுயர்ந்த நிறமிக்குப் பதில் வேறு நிறமி வைத்து அதே சாயலைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், பழகுவதற்கு அது போதும். பன்றி முடி பிரஷ் தட்டையில் இரண்டு, நுனி வளைந்த ஃபில்பர்ட்டில் இரண்டு, நுணுக்கத்துக்கு மெல்லிய சிந்தெடிக் ஒன்று, கலக்க ஒரு பேலட் கத்தி. நிறம் கலக்கிற பலகையான பேலட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். கண்ணாடிக் கடையில் ஒரு துண்டை ஓரம் தேய்த்து வாங்கி, அடியில் சாம்பல் நிறத் தாளை ஒட்டினால் அதைவிட நல்ல பேலட் கிடையாது, காய்ந்த பெயின்ட்டை பிளேடால் சுரண்டிவிடலாம்.

எண்ணெய் விஷயத்தில் கவனம். சமையலறையில் இருக்கும் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் காயாது, அதைக் கலந்தால் படம் எப்போதும் பிசுபிசுவென்றே இருக்கும். ஆளி விதை எண்ணெய்தான் வேண்டும், அதுவும் ஓவியத்துக்கு என்று சுத்திகரித்தது. வீட்டுக் கதவுக்குப் பூச விற்கிற பாயில்டு வகையில் சீக்கிரம் காய வைக்கிற பொருளைச் சேர்த்திருப்பார்கள், அது சீக்கிரம் மஞ்சளிக்கும். பெயின்ட் கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் பெரும்பாலும் தருவது பெட்ரோலியத்திலிருந்து எடுத்தது, அதைப் பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது குறை வாடை. வளவு திறந்திருப்பதால் காலையில் தெரியாது, மழை பெய்து கூட்டம் உள்ளே ஒதுங்கினால் டர்பன்டைன் நெடியில் தலை வலிக்கிறது. டர்பன்டைன் டப்பாக்களை மூடி வைக்கச் சொல்லிக் கண்டிப்பாக இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஆனால் இன்னொரு பாதுகாப்பு விஷயத்தில் சார் மிகக் கண்டிப்பு: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடவே கூடாது. ஆளி விதை எண்ணெய் இறுகும்போது சூடு வெளியேறும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். தேக்கு தூணும் தேக்கு விட்டமுமாக இருக்கிற வீட்டில் இது விளையாட்டு இல்லை. தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் போடச் சொல்கிறார், கிளம்பும்போது ஒவ்வொருவர் பையையும் பார்த்து அனுப்புகிறார். வீட்டில் பழகுகிற எல்லாரும் இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, பள்ளிப் பிள்ளைகளின் படத்தில் கடைசி வகுப்பில் அவரே பிரஷ் எடுத்துத் திருத்திவிடுகிறார். பெற்றோர் வந்து பார்க்கும்போது நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. எனக்கு இது பிடிக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் செம்பை அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். என் படத்தில் கைவைக்க வேண்டாம், வாயால் சொல்லுங்கள் என்று கேட்டேன், உடனே ஒத்துக்கொண்டு அப்படியே செய்தார். உங்கள் பிள்ளைக்கும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் என்பதும் போதாது. காய்வதற்கு நேரம் வேண்டும் என்று இரண்டு கேன்வாஸை மாற்றி மாற்றி வரைய வைக்கிறார், நல்ல யோசனை, ஆனால் மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய நிறம் ஏற்றுகிற கிளேஸிங் பாடத்தைக் கடைசி அரை மணி நேரத்தில் ஓட்டிவிட்டார். அதற்கு இன்னொரு மாதம் தனியாக வைத்தால் நான் முதல் ஆளாகச் சேர்வேன். சுத்தமாக வரையவே வராதவர்களுக்கு கார்பன் தாளில் பிரதி எடுத்துக் கொடுக்கிறார்கள், அது சரியா என்று எனக்குச் சந்தேகம் உண்டு, பென்சில் பயிற்சி கொஞ்சம் இருந்துவிட்டுப் போவது நல்லது.

மற்றபடி கழிப்பறை சுத்தம், தண்ணீர் உண்டு, 10 மணிக்கு டீயும் ஒரு சீப்புச் சீடையும் வருகிறது. மதியச் சாப்பாடு கிடையாது.

படம் முடிந்தவர்களுக்கு ஒரு விஷயம். வார்னிஷ் உடனே போடக் கூடாது, குறைந்தது ஆறு மாதம் போகட்டும், அப்போது கொண்டுவந்தால் சாரே இலவசமாகப் போட்டுத் தருகிறார். அதுவரை துணியில் சுற்றி இருட்டறையில் வைக்காதீர்கள். ஆளி விதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும், வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடுகளில் படங்கள் பழுத்துப் போயிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார். நேர் வெயில் படாத, வெளிச்சம் உள்ள சுவரில் மாட்டுங்கள். சட்டம் போடக் கொடுக்கும்போது முன்னால் கண்ணாடி வேண்டாம் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சாமி படம் என்ற பழக்கத்தில் அவர்கள் கேட்காமலே போட்டுவிடுகிறார்கள், இறுகாத பெயின்ட் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.